இலவசம் என்ற சொல்லின் விலை

புதிய விண்டோஸ் பின்னால் வரும் என்று சொல்லி லேப்டாப்பை விற்கிறார்கள். சொன்னது வராவிட்டால்? கணக்குப் பிசகியது நிறுவனத்திடம் என்றால்? தில்லியில் பிறந்த சட்டங்கள் வாடிக்கையாளர் பக்கம்தான் இருக்கின்றன. பயன்படுத்துவோர்தான் குறைவு.

லேப்டாப்பைத் திருப்பிப் போட்டால் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். அதில் விண்டோஸின் பதிப்புப் பெயர், கீழே 25 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சாவி. சில ஆண்டுகளுக்கு முன்புவரை விற்ற பெரும்பாலான லேப்டாப்களில் இது உண்டு. வாங்கியவர்களில் பலர் அதைப் படித்ததே இல்லை. ஆனால் 2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த ஒரு அங்குலக் காகிதம் திடீரென்று சொத்துப் பத்திரம் மாதிரி முக்கியமாகிவிட்டது.

காரணம், மைக்ரோசாஃப்ட்டின் ஒரு வாக்குறுதி. 2009 ஜூன் 26 முதல் 2010 ஜனவரி 31 வரை, விண்டோஸ் விஸ்டாவின் குறிப்பிட்ட பதிப்புகளுடன் புதிய கம்ப்யூட்டர் வாங்குவோருக்கு அடுத்து வரவிருந்த விண்டோஸ் 7 இலவசம். அந்தப் புதிய மென்பொருள் 2009 அக்டோபர் 22 அன்று உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே லேப்டாப் வாங்கியவர்கள் ஏமாந்துவிட்டதாக நினைக்கக்கூடாதே என்ற கரிசனம் என்று இதைச் சொல்லலாம். வியாபாரக் கணக்கு என்றும் சொல்லலாம். ஆடித் தள்ளுபடி வரப்போகிறது என்று தெரிந்தால் ஆனி மாதத்தில் துணிக்கடைப் பக்கம் யார் எட்டிப் பார்ப்பார்கள்? புதியது வரும்வரை காத்திருப்போம் என்று வாடிக்கையாளர் ஒதுங்கிவிட்டால் கடையில் இருக்கும் சரக்கு தேங்கிவிடும். ‘இப்போதே வாங்குங்கள், புதியதைப் பின்னால் அனுப்புகிறோம்’ என்பது அந்தத் தேக்கத்துக்கு மருந்து.

மருந்து வேலை செய்தது. ஆனால் அதை ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பை மைக்ரோசாஃப்ட் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. யாருக்கு, எப்படி, என்ன தபால் செலவில் அனுப்புவது என்பதையெல்லாம் லேப்டாப் தயாரிப்பாளர்களிடம் விட்டுவிட்டது. சிக்கல்களின் ஊற்றுக்கண் அதுதான்.

மூன்று கதவுகள்

தில்லி ஆர்.கே. புரத்தில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கல்லூரிக்குப் போகும் மகளுக்காக 2009 செப்டம்பரில் நேரு பிளேஸில் ஒரு லேப்டாப் வாங்குகிறார்கள். ஸ்டிக்கரில் இருப்பது விஸ்டா ஹோம் பிரீமியம். சலுகைக்குத் தகுதியான பதிப்பு. தேதியும் சரி. பில்லின் நகலையும் ஸ்டிக்கரின் எண்ணையும் அனுப்புகிறார்கள். ‘உங்கள் மாடல் எங்கள் பட்டியலில் இல்லை’ என்று பதில் வருகிறது.

இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் தவறு நேரக்கூடிய இடங்கள் கற்பனை அல்ல. ஒரே லேப்டாப் அமெரிக்காவில் ஒரு எண்ணிலும் இந்தியாவில் வேறு எண்ணிலும் விற்கப்படுவது சகஜம். பட்டியல் தயாரித்தவர் இந்திய எண்ணை விட்டிருந்தால் முடிந்தது கதை. பில் தேதிக்குப் பதிலாகத் தொழிற்சாலைத் தேதியைப் பார்த்து நிராகரிக்கலாம். 64 பிட் யந்திரத்துக்கு 32 பிட் டிஸ்க்கை அனுப்பிவிடலாம். ஒன்றின்மேல் மற்றொன்றை மேம்படுத்தி நிறுவ முடியாது. விஸ்டா பிசினஸ் உரிமத்தோடு வாங்கி, அதே உரிமத்தின் கீழ் பழைய எக்ஸ்.பி.யைப் போட்டுக் கொடுத்திருந்தால், அந்த யந்திரத்துக்கும் சலுகை உண்டு. ஆனால் திரையில் எக்ஸ்.பி.யைப் பார்க்கும் ஊழியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தவறு நேர்ந்தபின் தொடங்குகிறது அலைச்சல். மைக்ரோசாஃப்ட்டிடம் கேட்டால், கம்ப்யூட்டரோடு வந்த மென்பொருளுக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு என்று கைகாட்டும். உரிம ஒப்பந்தமும் அப்படித்தான் சொல்கிறது. தயாரிப்பாளரின் தொலைபேசி மையம் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லும். கடைக்காரர், “நாங்கள் பெட்டியை விற்றோம். உள்ளே இருப்பது கம்பெனி விவகாரம்” என்பார். மூன்று கதவுகள், மூன்றிலும் எதிர்க் கதவைக் காட்டும் விரல்.

இதற்கிடையே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். இந்த மாதிரிச் சலுகைகளுக்கு வாங்கும் கெடு ஒன்று, விண்ணப்பிக்கும் கெடு இன்னொன்று. 2012 ஜூன் 2 முதல் 2013 ஜனவரி 31 வரை கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு விண்டோஸ் 8 ப்ரோ தரப்பட்டபோது, பதிவு செய்ய 2013 பிப்ரவரி 28 வரைதான் அவகாசம். (அந்த முறை அது இலவசமும் இல்லை, இந்தியாவில் ரூ. 699.) நிறுவனத்தின் தவறைத் திருத்தச் சொல்லிக் கடிதம் போட்டுக் காத்திருக்கும்போதே கெடு தாண்டிவிட்டால், ‘சலுகை முடிந்துவிட்டது’ என்ற ஒற்றை வரியில் கணக்குத் தீர்ந்துவிடும். பெரும்பாலானோர் அங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

அடிப்படைப் பதிப்பின் அவலம்

எல்லா ஏமாற்றமும் நிறுவனத்தின் தவறல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009 சலுகை விஸ்டாவின் ஹோம் பிரீமியம், பிசினஸ், அல்டிமேட் ஆகிய மூன்று பதிப்புகளுக்கு மட்டுமே. விலை குறைந்த யந்திரங்களில் வந்த ஹோம் பேசிக் பதிப்புக்கு இல்லை. பட்ஜெட் பார்த்து லேப்டாப் வாங்குவோர் நிறைந்த இந்தியாவில் இது சின்ன விஷயமல்ல. விளம்பரத்தில் ‘விண்டோஸ் 7 இலவசம்’ என்பது பெரிய எழுத்தில். பதிப்பின் பெயர் பொடி எழுத்தில்.

ஹோம் பேசிக் பதிப்பு ஏமாற்றம் தந்தது அதுவே முதல் முறையும் அல்ல. 2006ஆம் ஆண்டின் பண்டிகை விற்பனைக்கு விஸ்டா தயாராகவில்லை. விற்பனை படுத்துவிடாமல் இருக்க, எக்ஸ்.பி.யோடு வந்த கம்ப்யூட்டர்களில் ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்ற பொருளில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா வந்தபோது, அந்த யந்திரங்களில் பலவற்றில் ஹோம் பேசிக் மட்டுமே ஓடும் என்பது தெரிந்தது. விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற திரைத் தோற்றம் அதில் கிடையாது.

விவகாரம் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கோர்ட்டுக்குப் போனது. வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட்டின் உள் மின்னஞ்சல்கள் சுவாரஸ்யமானவை. 2,100 டாலர் கொடுத்து வாங்கிய லேப்டாப் வெறும் மின்னஞ்சல் பார்க்கும் யந்திரமாகிவிட்டது என்று புலம்பியவர் சாதாரண வாடிக்கையாளர் அல்ல. அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர். 2008 பிப்ரவரியில் நீதிபதி மார்ஷா பெக்மன் இதைப் பாதிக்கப்பட்ட அனைவருக்குமான கூட்டு வழக்காக ஏற்றார். ஓராண்டு கழித்து அதே நீதிபதி அந்தத் தகுதியை நீக்கினார். ஒவ்வொருவரும் தனித்தனியே போராட வேண்டியதாயிற்று. நூறு டாலர் இழப்புக்கு யார் தனியாக வக்கீல் வைப்பார்கள்?

நேரு பிளேஸின் முரண்

தெற்கு தில்லியின் நேரு பிளேஸ் நாட்டின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் சந்தைகளில் ஒன்று. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே கல் பாவிய அகன்ற முற்றம். கடைகளுக்குள் அசல் சரக்கு. வெளியே முற்றத்தில் பல ஆண்டுகள் கூவிக் கூவி விற்கப்பட்டது திருட்டு மென்பொருள். அமெரிக்க அரசின் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் பேர்போன கள்ளச் சந்தைகளின் பட்டியலில் இடம்பெற்ற பெருமையும் இதற்கு உண்டு.

திருட்டுக்கு எதிராக மென்பொருள் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. உரிமமில்லாத மென்பொருளை ஏற்றிக் கம்ப்யூட்டர் விற்றவர்மீது மைக்ரோசாஃப்ட் தொடுத்த வழக்கில், 2005ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் ரூ. 19.75 லட்சம் நஷ்டஈடு விதித்தது. தங்கள் உரிமை என்று வரும்போது நிறுவனங்களுக்குக் கோர்ட்டின் வழி நன்றாகவே தெரிகிறது.

முரண் இதுதான்: காசு கொடுத்து அசலை வாங்கிய குடும்பம் தனக்குச் சேர வேண்டிய டிஸ்க்குக்காக மாதக்கணக்கில் கடிதம் எழுதுகிறது. கள்ள டிஸ்க் வாங்கியவர் அன்று மாலையே வீட்டில் புதிய விண்டோஸை ஓட்டுகிறார். நேர்மையாக இருப்பதற்கு ஒரு அபராதம் மாதிரி.

சந்தையின் இன்னொரு பழக்கமும் வாடிக்கையாளரின் காலை வாரிவிடும். ‘கச்சா’ பில் போட்டால் இவ்வளவு, ‘பக்கா’ பில் என்றால் வரியோடு இவ்வளவு என்று இரண்டு விலை. மிச்சமாகும் பணத்துக்கு ஆசைப்பட்டுத் துண்டுச் சீட்டோடு வருபவர், பின்னால் எந்தச் சலுகைக்கும் எந்த வழக்குக்கும் ஆதாரமில்லாமல் நிற்பார்.

சட்டத்தின் பார்வையில் இலவசம்

‘சும்மா கொடுப்பதில் குறை சொல்லலாமா?’ தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழியே உண்டு. நிறுவனங்களின் பதில்களிலும் அந்தத் தொனி கேட்கும். சட்டம் அதை ஏற்கவில்லை.

நாடாளுமன்றம் 1986இல் நிறைவேற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எவையெல்லாம் முறையற்ற வணிகம் என்று நீண்ட பட்டியல் தருகிறது. தரும் எண்ணமில்லாமல் பரிசோ பொருளோ தருவதாகச் சொல்வது அதில் ஒன்று. மொத்த விலையிலேயே முழுதாகவோ பகுதியாகவோ அடங்கிய ஒன்றை இலவசம் போலத் தோன்றச் செய்வது இன்னொன்று. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்து 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவை அப்படியே இருக்கின்றன. லேப்டாப்பை வாங்க வைத்ததே புதிய விண்டோஸ் வரும் என்ற உறுதிமொழி என்றால், அது தானமல்ல. விற்பனையின் ஒரு பகுதி. மாடு தானமாக வரவில்லை. விலை கொடுத்தாகிவிட்டது.

மென்பொருள் கண்ணுக்குத் தெரியாதது, அதைப் பொருள் என்று சொல்ல முடியுமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தின் விற்பனை வரி வழக்கில், டிஸ்க் போன்ற சாதனத்தில் பதிந்து விற்கப்படும் மென்பொருள் ‘சரக்கு’தான் என்று 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2022 ஜூன் 9 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகள் ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு மேலும் கடிவாளம் போட்டன. இலவசப் பொருளை அனுப்பும் செலவை வசூலிக்கலாம். அந்தச் சாக்கில் லாபம் பார்க்கக்கூடாது. சலுகை பெற வாடிக்கையாளர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் சட்டம் கண்ணை மூடிக்கொண்டு வாடிக்கையாளர் பக்கம் சாய்வதில்லை. தகுதியான பதிப்பு எது, தேதி எது என்ற நிபந்தனைகளை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தால், அவை செல்லும். ஹோம் பேசிக் வாங்கியவர், கடையிலோ விளம்பரத்திலோ வேறு மாதிரி சொன்னார்கள் என்று காட்டினால்தான் பிழைப்பார். நிபந்தனைகள் அனைத்தும் பொருந்தியும் நிறுவனம் தவறாக நிராகரித்திருந்தால், வாதாடவே அதிகமில்லை. பில்லும் ஸ்டிக்கரும் பேசும்.

மொத்தமாக மென்பொருள் நிறுவனங்களின் உரிமக் கொள்கையை எதிர்ப்பது வேறு கதை. கம்ப்யூட்டரோடு வரும் விண்டோஸுக்கு ஒரு விலை, தனியாக வாங்கும் உரிமத்துக்கு வேறு விலை என்று மைக்ரோசாஃப்ட் பாகுபாடு காட்டுவதாக தில்லியின் சிங்கானியா அண்ட் பார்ட்னர்ஸ் சட்ட நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்தில் 2010இல் புகார் செய்தது. வெவ்வேறு உரிமங்கள் வெவ்வேறு வகை வாடிக்கையாளர்களுக்கானவை என்று கூறி, 2012இல் பெரும்பான்மை உறுப்பினர்கள் புகாரை முடித்துவைத்தார்கள். கொள்கையோடு மோதினால் தோல்வி. குறிப்பிட்ட ஒரு தவறைப் பிடித்துக்கொண்டால் வெற்றிக்கு வாய்ப்பு. நுகர்வோர் வழக்குகளில் இது பெரிய பாடம்.

கமிஷன் வாசலில்

2009இல் ஒரு லேப்டாப்காரருக்கு வழி கரடுமுரடாகத்தான் இருந்தது. மாவட்ட மன்றத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்குள்ளான வழக்குக்கு ரூ. 100 கட்டினால் போதும் என்பது உண்மை. ஆனால் எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் தொடுக்க முடியும். நிறுவனத்துக்குக் கிளை இருக்கிறது என்பதற்காக எங்கு வேண்டுமானாலும் வழக்குப் போட முடியாது, அந்த இடத்தில் காரணமும் எழுந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு காப்பீட்டு வழக்கில் சொன்னது அதே 2009 அக்டோபரில்தான். தில்லியில் வாங்கிவிட்டு மாற்றலாகித் திருச்சிக்குப் போனவர், வாய்தாவுக்கு வாய்தா ரயிலேற வேண்டியிருக்கும்.

2020க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கம்ப்யூட்டர் வழியாகப் புகார் பதிவு செய்யும் வசதி 2020 செப்டம்பரில் தில்லியில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்குப் பரவியது. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன பெஞ்ச் 2020 மார்ச்சில் அடித்துச் சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொல்வது மட்டும் பல இடங்களில் ஏட்டோடு நிற்கிறது.

முக்கியமான இன்னொரு விஷயம்: வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நிறுவனம் தன் சலுகைக்கு வைத்த கெடு வேறு, சட்டம் தரும் கெடு வேறு. சலுகைக் காலத்துக்குள் விண்ணப்பித்து, நிறுவனத்தின் தவறால் நிராகரிக்கப்பட்டவருக்கு, ‘தேதி தாண்டிவிட்டது’ என்ற பதில் முற்றுப்புள்ளி அல்ல.

அதற்கு ஆதாரங்கள் கையில் இருக்க வேண்டும். பக்கா பில், விளம்பரத் துண்டு, ஸ்டிக்கரின் படம், விண்ணப்பித்த தேதிக்குச் சான்று, நிராகரித்த கடிதம். தொலைபேசியில் பேசியதைக் காட்டிலும் எழுத்தில் கேட்டதற்குத்தான் மதிப்பு. கடைக்காரர், தயாரிப்பாளர், மென்பொருள் நிறுவனம் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிட்டால், ஒருவரை ஒருவர் கைகாட்டும் விளையாட்டு ஆணையத்தின் முன்னால்தான் நடக்க வேண்டும். கம்பெனி உபயோகத்துக்கு வாங்கிய லேப்டாப் என்றால் மட்டும் எச்சரிக்கை தேவை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு உண்டு.

வழக்குக்கு முன்னால் ஒரு படி: தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண். தமிழிலும் பேசலாம். பல புகார்கள் வழக்கு என்ற நிலைக்கு வராமலேயே அங்கு முடிந்துவிடுகின்றன.

கடல் கடந்த தீர்ப்புகள்

விண்டோஸோடு மல்லுக்கட்டியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எல்லோரும் ஜெயித்துவிடவில்லை. 2008இல் பிரான்சில் விஸ்டாவோடு ஒரு சோனி லேப்டாப்பை வாங்கியவர், மென்பொருள் வேண்டாம், அதன் விலையைத் திருப்பித் தா என்று கேட்டார். நிறுவனம் 100 யூரோ தர முன்வந்தது. மறுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். 2016 செப்டம்பர் 7 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், மென்பொருளோடு சேர்த்துக் கம்ப்யூட்டரை விற்பது தன்னளவில் முறையற்ற வணிகம் ஆகாது என்று சொல்லிவிட்டது.

இத்தாலியில் கதை வேறு. லெனோவோ லேப்டாப்போடு வந்த விண்டோஸுக்கான 42 யூரோவைத் திருப்பிக் கேட்டார் ஒருவர். உரிம ஒப்பந்தமே அதற்கு வழி வைத்திருந்தது. கீழ்க் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளிக்க, நிறுவனம் அப்பீல் போனது. 42 யூரோவுக்காக ஒரு தனிமனிதரை இப்படி இழுத்தடிப்பதா என்று கடுப்பான மோன்சா நகரக் கோர்ட், 2020 டிசம்பரில் அப்பீலைத் தள்ளியதோடு 20,000 யூரோ அபராதத்தையும் வாடிக்கையாளருக்குத் தரச் சொன்னது.

கலிஃபோர்னியாவில் டிராவல் ஏஜென்சி நடத்திய ஒரு பெண்மணிக்குப் பிரச்சினை நேர் எதிர். 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு இலவசமாகத் தரப்பட்ட விண்டோஸ் 10 கேட்காமலேயே வந்து இறங்கித் தன் அலுவலகக் கம்ப்யூட்டரை முடக்கிவிட்டதாக வழக்குப் போட்டார். சிறு வழக்குகளுக்கான கோர்ட் 10,000 டாலர் தரச் சொன்னது. 2016இல் மைக்ரோசாஃப்ட் அப்பீலைக் கைவிட்டது.

பழைய சரித்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. விண்டோஸ் 11 இலவசம்தான். ஆனால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் புதிய தலைமுறை பிராசஸரும் வேண்டும் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான பழைய லேப்டாப்கள் தகுதி இழந்தன. கூடுதலாக ஓராண்டுக்குத் திருத்தங்கள் பெற 30 டாலர் கட்டு, அல்லது சில நிபந்தனைகளுக்கு உட்படு என்றது மைக்ரோசாஃப்ட். நுகர்வோர் அமைப்பு ஒன்று கேள்வி எழுப்பிய பிறகு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த நிபந்தனைகள் தளர்ந்தன.

ஐரோப்பியர்கள் கேட்டார்கள், கிடைத்தது. தில்லியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் வாடிக்கையாளருக்கும் கேட்கும் உரிமை இருக்கிறது, கேட்க இடமும் இருக்கிறது. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்து, பில்லைத் தேடி எடுத்து, ஒரு கடிதம் எழுத வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காக யார் மெனக்கெடுவார்கள் என்பதுதான் நிறுவனங்களின் கணக்கு. மோன்சாவில் ஒருவர் 42 யூரோவுக்காக மெனக்கெட்டபோது அந்தக் கணக்கு தப்பிப்போனது.